செவலையின் இருமலும் என் முதுகும்

ஆடு வளர்க்கிற சகபாவிகளே, ஆட்டுக்குத் தீனி வைப்பது பாதி வேலைதான். தின்னக்கூடாததைத் தின்னாமல் காப்பது மீதிப் பாதி என்பது உங்களுக்கே தெரியும். புன்னைக்காயலில் எங்கள் வீட்டில் இன்னொரு வேலையும் உண்டு: கத்தியது ஆடா, நானா என்று கண்டுபிடிப்பது. அது அம்மாவின் பொறுப்பு.

யார் இருமியது?

பங்குச்சாமியார், மீன் ஏலம் விடுகிறவர், பஸ் கண்டக்டர் என்று எல்லார் குரலும் எனக்கு வரும். ஆட்டுக்குரல் அதைவிட நன்றாக வரும். அதனால் எங்கள் கிழட்டு ஆடு செவலை இரும ஆரம்பித்தபோது, ஒவ்வொரு இருமலுக்கும் அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். "நான் இல்லம்மா" என்றால், பொய்க்கு இன்னொன்று.

அப்புறம் ஒரு கல்யாணத்துக்குத் திருச்செந்தூர் போனேன். பந்தியில் உட்காரும்போது அம்மாவின் போன். "ஏளா, நீ அங்கன இருந்தா, இங்கன இருமுதது யாரு?"

பீடி

ஊர் மாட்டு டாக்டர் சளி என்று ஊசி போட்டார். இருமல் நிற்கவில்லை, செவலை மெலிந்தாள். திருநெல்வேலி கால்நடை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "நுரையீரல்ல புத்துநோய்க் கட்டி. வேற இடத்துல இருந்து பரவுனது இல்ல, அங்கேயே முளைச்சது. ஆடுகளுக்கு அபூர்வமாத்தான் வரும்" என்றார். அம்மாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது, தன் வளர்ப்பைக் குறை சொல்கிறார்களாம். "எங்க ஆடு அந்த மாதிரி ஆடு இல்ல டாக்டரம்மா. ஒரு தடவ பீடிய கட்டோட தின்னுச்சு, குடிச்சதே கிடையாது!"

கறிக்கடை அண்ணாச்சி

ஆபரேஷன் செய்தால் பிழைக்கலாம், மேசையிலேயே போனாலும் போகலாம் என்றார்கள். எங்கள் பட்டியில் நிற்பதெல்லாம் செவலையும் அவள் பிள்ளைகளும் பெற்றதுதான். அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் கறிக்கடை அண்ணாச்சி வாசலில் வந்து நின்றார். "கிழட்டு ஆட்டுக்கு ஆபரேசனா? எங்கிட்ட கொடு தாயி, நானே வெட்டி முடிச்சிருதேன்."

அம்மா நிமிர்ந்தாள். "அவங்க வெட்டுனா திரும்பத் தைப்பாங்க அண்ணாச்சி. நீங்க தைப்பியளா?"

மயக்கம் தெளியும் நேரம்

கட்டியோடு நுரையீரலில் ஒரு துண்டையும் எடுத்துவிட்டார்கள். செவலை அசையாமல் கிடந்தாள். அம்மா ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். நானோ, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, எந்தக் குரலும் எடுக்காமல் நின்றேன்.

மெல்லிசாக ஒரு "ம்மே..."

பளாரென்று என் முதுகில் விழுந்தது. "ஏளா, இங்கன வந்துமா?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "பிள்ளைய அடிக்காதீங்கம்மா, கத்துனது உங்க ஆடுதான்!"

இப்போது செவலைக்கு இருமலும் இல்லை, எனக்கு அடியும் இல்லை. ஆனால் நான் நிஜமாகவே இருமினாலும், அம்மா ஓடிப்போய்ச் செவலையின் நெஞ்சைத்தான் தடவிப் பார்க்கிறாள்.