பாலைவனத்தில் தண்ணீர் கட்டியது

எங்கள் ஊர் கடைமடை. கல்லணை திறந்ததை டிவியில் பூத்தூவிக் காட்டி, எல்லாரும் அதை மறந்தும் போன பிறகுதான் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் எட்டிப் பார்க்கும். சில வருஷம் அதுவும் கிடையாது. அப்பா குத்தகைக்குச் சாகுபடி செய்த வயல் அந்த வாய்க்காலின் கடைசியில் இருந்தது. அதில் ஒரு போர் போட்டுவிட்டால் ஆற்றை நம்பிக் கிடக்க வேண்டாம். அதற்காகத்தான் இருபத்திரண்டு வயதில் வளைகுடாவுக்குக் கிளம்பினேன். இரண்டு வருஷம் வேலை, பிறகு வந்து அதே வயலில் நானே விவசாயம்.

"நீ வர்ற வரைக்கும் குத்தகைய விடாம வச்சிருக்கேன். போயிட்டு வா" என்றார் அப்பா.

தோட்ட வேலை என்று சொன்ன பட்டுக்கோட்டை ஏஜெண்ட், "விவசாயம் தெரியுமா தம்பி?" என்று கேட்டார். தஞ்சாவூர்க்காரனிடம் கேட்கிற கேள்வியா அது? எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பொறந்ததே வயல்லதான் சார்" என்றேன்.

அங்கே போனால், மணலுக்கு நடுவில் துணிக் கூடாரம், அதற்குள் தக்காளிச் செடிகள். ஒவ்வொரு செடியின் காலடியிலும் ஒரு கறுப்புக் குழாய் சொட்டுச் சொட்டாக அழுதுகொண்டிருந்தது. சுற்றிலும் மண் காய்ந்து கிடந்தது. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. எங்கள் பக்கம் மண் அப்படிக் கிடந்தால் வீட்டில் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசமாட்டோம். முதலாளி வெளியூர் போயிருந்த நேரத்தில் கையாலேயே வரப்பு அணைத்து, பெரிய குழாயைத் திறந்து, பாத்தி நிறையத் தண்ணீர் கட்டினேன். தண்ணீர் நின்று மினுங்கியதைப் பார்த்தபோதுதான் ஊரை விட்டு வந்த துக்கமே குறைந்தது.

நாலைந்து நாளில் இலை பழுத்தது. தாகம் என்று நினைத்தேன். கடைமடைக்காரனுக்கு வேறு என்ன தோன்றும்? இன்னும் தண்ணீர் கட்டினேன். முதலாளி திரும்பி வந்து ஒரு செடியைப் பிடித்து இழுத்தார். வேர் அழுகி, கையோடு வந்தது.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. என்னை வெகுதூரம் தள்ளி ஓர் ஆட்டுப்பட்டியில் கொண்டுபோய் விட்டார். தக்காளி நஷ்டத்தைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். போர் போடும் ஆசை அதோடு போயிற்று. பாஸ்போர்ட் அவரிடம் இருந்தது, எங்கே ஓடுவது? வயலாவது இருக்கிறதே என்று நாளைத் தள்ளினேன். ஆட்டுக்கும் எனக்கும் ஒரே லாரியில் தண்ணீர் வந்தது.

மணல்மேட்டில் ஏறினால் போன் எடுக்கும். அப்பா என் உடம்பைப் பற்றிக் கேட்கமாட்டார். "அங்க பயிரு எப்படிப்பா இருக்கு?" என்பார்.

"பச்சைப்பசேல்னு இருக்குப்பா."

தண்ணீர் விட்டே பயிரைக் கொன்றேன் என்று அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? வாராவாரம் அவருக்காகச் சொட்டுக் குழாயிலேயே வெள்ளரி காய்த்தது, கத்தரி பூத்தது. சொல்லும்போது எனக்கும் சந்தோஷமாக இருக்கும். போனை வைத்ததும் ஆடுகள் கத்தும்.

இரண்டு வருஷம் முடிந்து ஊர் வந்த அன்று, பையைக்கூட இறக்காமல் வயலுக்குப் போனேன். வயலைக் காணோம். வரிசையாகத் தென்னங்கன்றுகள் நின்றன. ஒவ்வொன்றின் காலடியிலும் அதே கறுப்புக் குழாய்.

அப்பா பின்னாலேயே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அங்கதான் உனக்கு அவ்வளவு வெளையுதே. நீ திரும்பி வந்து இந்தச் சேத்துல எறங்கவா போறேன்னு குத்தகைய விட்டுட்டேன்பா. நெலத்துக்காரரு போர் போட்டுத் தென்னை வச்சிட்டாரு. பாத்துக்க ஆள் தேடுனாரு. நம்ம பையனுக்கு இந்தக் குழாய் வேலையெல்லாம் அத்துப்படின்னு சொல்லி வச்சிருக்கேன்."

அப்போதுதான் பையை இறக்கி வைத்தேன். இனி உண்மையைச் சொல்லியும் வயல் வரப்போவதில்லை.

அந்த வேலையில்தான் இப்போது இருக்கிறேன். இந்த வருஷம் அதிசயமாக எங்கள் வாய்க்காலில் சீக்கிரமே தண்ணீர் வந்துவிட்டது. கன்றடியில் தண்ணீர் தேங்கக் கூடாது என்று நிலத்துக்காரர் சொல்லியிருந்தார். நான்தான் மண்வெட்டியை எடுத்துப்போய், மண்ணை வெட்டிப் போட்டு மடையை அடைத்தேன்.