ராமாத்தாக்காவின் சைக்கிள் ஸ்டாண்ட்

காந்திபுரம் பக்கத்துப் பழைய தியேட்டரைப் புதுப்பித்துத் திறந்திருக்கிறார்கள் என்று, போன ஞாயிற்றுக்கிழமை சரவணம்பட்டியிலிருந்து மகள் என்னைக் காரில் கூட்டிப் போனாள். டைப்பிங் லோயர் பாஸ் செய்த கையோடு, ஆபீஸ் டைப்பிஸ்டாக நான் வேலைக்குச் சேர்ந்த இடம் அது. ஆறு வருஷம் இருந்தும் ஒரு படத்தையாவது முதலிலிருந்து பார்த்ததில்லை. வேலை முடிந்து போய் உட்கார்ந்தால் மேட்னியின் கடைசி அரைமணிதான் கிடைக்கும். வில்லன் சாவது தெரியும். ஏன் சாகிறான் என்பது இன்றுவரை தெரியாது.

உள்ளே பாப்கார்ன் வெண்ணெய் மணத்தது. அப்போதெல்லாம் இந்த வாசலில் வறுத்த கடலையும் சைக்கிள் செயின் எண்ணெயும்தான் மணக்கும். ஷிப்ட் விட்டதும் மில்காரர்கள் மணியடித்துக்கொண்டு தெருவுக்குள் திரும்புவார்கள். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கும். பாத்திரக்கடை, லாட்ஜ், கடிகாரக்கடை தாண்டி, தியேட்டரை ஒட்டிய சந்தில் அவர்கள் வண்டிகளை வாங்கி நிறுத்துவது ராமாத்தாக்கா. புருஷன் போனபின் ஒண்டியாக நடத்திய ஸ்டாண்ட். எழுதப் படிக்கத் தெரியாது. டோக்கன் கொடுப்பார், ஆனால் திரும்ப வாங்கும்போது பார்க்கமாட்டார். ஆளின் முகத்தைப் பார்த்தே அவன் வண்டியை உருவி நீட்டுவார்.

எனக்கு சைக்கிள் வராது என்று தெரிந்ததும் அக்காவுக்கு ஒரே சிரிப்பு. "பத்து வெரல்ல மிஷின் ஓட்டறீங்க அம்மணி, ரெண்டு கால்ல இதை ஓட்ட முடியாதாக்கு?" பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு பழக்கினார். முதல் நாளே ஒரு வரிசை சைக்கிளைச் சரித்துப்போட்டேன்.

மில்கள் ஒவ்வொன்றாக மூடின. சைக்கிள் குறைந்தது. மோட்டார் சைக்கிள் நிறுத்த ஒரு காண்ட்ராக்டருக்கு அந்தச் சந்து இடத்தை விடுவதென்று முதலாளி முடிவு செய்தார். பதினைந்து நாளில் இடத்தைக் காலி செய்யும்படி அக்காவுக்கு ஒரு நோட்டீஸ். மேனேஜர் சொல்லச் சொல்ல, நான்தான் டைப் அடித்தேன்.

மறுநாள் மத்தியானம் அந்தக் காகிதத்தோடு அக்கா என்னிடமே வந்தார்.

"ஏனுங் அம்மணி, ஆபீஸ்ல குடுத்தாங்க. என்ன போட்டிருக்குதுங்க?"

ஒரு சொல் விடாமல் படித்தேன். அவர் காகிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

"இதை ஆருங்க எழுதுனது?"

"மேனேஜருங்கக்கா."

"அப்ப நாமளும் ஒண்ணு எழுதலாமுங்க. இத்தன வருசத்துல ஒரு வண்டி தொலைஞ்சதில்லீன்னு போடுங்க."

அதே மிஷினில் அதையும் அடித்தேன். கைநாட்டு வைத்துக் கொடுத்தார். மேனேஜர் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இது நம்ம மிஷினாட்ட இருக்குதே?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் திட்டவில்லை. "நான் என்னம்மா பண்ணட்டும், மொதலாளி சொல்லிப்போட்டாரு" என்றார். அந்த மனுவை நானே ஓட்டை போட்டு, ஃபைலில் நோட்டீஸ் நகலுக்கு மேல் கோத்து வைத்தேன்.

கடைசி நாள், அந்த நோட்டீஸை அடித்ததும் நான்தான் என்று சொல்லிவிடலாம் என்றுதான் சந்துக்குப் போனேன். மிச்சமிருந்த சைக்கிள்களை ஒவ்வொருவருக்கும் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார். "உடுமலப்பேட்டைல தங்கச்சி ஊட்டுக்குப் போறனுங்க. நீங்க ஒருத்தராச்சும் எனக்காக எழுதிக் குடுத்தீங்களே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குமேல் எப்படிச் சொல்வது? நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா?

பிற்பாடு ஒரு கல்யாணத்துக்கு உடுமலைப்பேட்டை போனபோது விசாரித்தேன். தங்கச்சி பேரும் தெரியாது, தெருவும் தெரியாது. ராமாத்தா என்றால் அந்த ஊரில் எத்தனை பேரோ.

இப்போது தெருவில் லாட்ஜும் இல்லை, கடிகாரக்கடையும் இல்லை. சந்து இருந்த இடத்தில் லிப்ட் வைத்திருக்கிறார்கள், கீழே கார் நிறுத்துமிடத்துக்குப் போக. கதவு திறந்தது. "ஏறும்மா" என்றாள் மகள். ஏறிக்கொண்டேன்.