சபை கைமாறிய வருடம்

செய்தி பார்த்துக்கொண்டிருந்தபோது நீங்கள் இருவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். அமெரிக்காவில் ஜனாதிபதியின் பதவிக்காலம் பாதி கடந்ததும் ஒரு தேர்தல் வரும். சனத்துக்குப் பிடிக்காத ஜனாதிபதி ஒருவர், அந்தத் தேர்தலில் சட்டம் போடுகிற சபையை எதிர்க்கட்சியிடம் பறிகொடுத்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதானே என்று கேட்டீர்கள். டென்மார்க்கில் பிறந்த பிள்ளைகள் நீங்கள், அப்படித்தான் கேட்பீர்கள். இங்கே பெரும்பான்மை எதிராகத் திரும்பினால் பிரதமர் விலக வேண்டும், இல்லாவிட்டால் தேர்தல் வைக்க வேண்டும். "போகமாட்டார், இருப்பார்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனேன். மிச்சத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். அரசியல் சட்டம் எனக்குத் தெரியாது. ஆனால் பிடிக்காத தலைவராக, எனக்கு எதிரான ஒரு சபையின் நடுவில், ஒரு வருடம் இருந்திருக்கிறேன். அதை எழுதித் தருகிறேன்.

கிரின்ஸ்டெட்டில் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு நான் தலைவராக இருந்தது உங்களுக்கு அரைகுறையாக ஞாபகம் இருக்கும். சங்க விதிப்படி எல்லோருக்கும் பதவி இரண்டு வருடம், தலைவரைப் பொதுக்கூட்டம் ஒரு வருடத்தில் தெரிவு செய்யும். நிர்வாக சபையின் மற்ற ஆறு பேரையும் அடுத்த வருடம் தெரிவு செய்யும். எல்லோரும் ஒரே நாளில் மாறிவிடாமல் இருக்க இந்த நாட்டுச் சங்கங்களில் இப்படி ஒரு வழக்கம்.

சனிக்கிழமைகளில் பாடசாலை மண்டபத்தைக் கொம்யூன், அதாவது நகரசபை, எங்களுக்கு மூன்று மணித்தியாலம் தரும். அதில் தமிழ் வகுப்பு நடத்தினோம். படிப்பித்ததும் நான்தான். நான் ஒரு சட்டம் போட்டிருந்தேன். கதவைத் தாண்டி உள்ளே வந்தால் டெனிஷ் கதைக்கக் கூடாது. கதைத்தால் பத்து நிமிடம் வெளியே கொரிடோரில் நிற்க வேண்டும். நல்ல எண்ணத்தில்தான் போட்டேன். தாய் தகப்பன்மார் முணுமுணுத்தார்கள். சபையில் இருந்த ஒரு மூத்தவர் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவர். அவர் பல தடவை எச்சரித்தார். நான் கேட்கவில்லை. அடுத்த வருடம் வரைக்கும் நான்தானே தலைவர் என்று இருந்தேன்.

அந்த வருடப் பொதுக்கூட்டத்தில் ஆறு பேரில் ஐந்து பேர் தோற்றுப் போய்விட்டார்கள். மூத்தவர் மட்டும் தப்பினார். வந்த ஐந்து பேரும் என்னோடு ஒத்துப் போகாதவர்கள். அவர்களில் செயலாளராக வந்தவர், முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் ஒரு இளம் தாய். வகுப்பை நிறுத்தி அந்த மூன்று மணித்தியாலத்தையும் பிள்ளைகளின் பட்மின்டனுக்குக் கொடுக்க வேண்டும் என்று சொல்லித்தான் வாக்குக் கேட்டார்கள். அன்று காரில் திரும்பி வரும்போது உங்களில் மூத்தவள் பின்சீற்றில் இருந்து, அப்பா இனி விலக வேண்டும் என்று டெனிஷில் சொன்னாள். நான் ரேடியோச் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

புதிய சபையின் முதல் கூட்டத்திலேயே அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார்கள். எழுந்து நின்றேன்.

"இந்தச் சபையை நான் கலைக்கிறன்."

இலங்கையில் ஜனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைத்துவிட்டார் என்று ரேடியோவில் கேட்டு வளர்ந்தவன் நான். தலைவர் என்றால் அந்த அதிகாரம் இருக்கும் என்றே நினைத்திருந்தேன். செயலாளர் கைத்தொலைபேசியில் சங்க விதிகளைத் திறந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரை நிதானமாக வாசித்தார். கலைக்கிற கதை எங்கேயும் இல்லை. எனக்காக இருந்த ஒரே ஆளான மூத்தவர்தான் முதலில் சிரித்தார்.

"நீ இஞ்சை வந்து முப்பது வருசம், தம்பி. இன்னும் கொழும்பிலைதான் ஜனாதிபதியா இருக்கிறாய்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. நானும் அவர்களைக் கலைக்க முடியாது, அவர்களும் அடுத்த வருடம் வரை என்னை அனுப்ப முடியாது. அமெரிக்காவிலும் அப்படித்தான். பெரிய குற்றம் சாட்டி, மேற்சபையில் மூன்றில் இரண்டு பங்கினர் சேர்ந்தால் தவிர ஜனாதிபதியை அசைக்க முடியாது. ஆனால் அவர் விரும்புகிற சட்டம் சபைக்குப் போய் அங்கேயே படுத்துவிடும். அவருடைய ஆட்களைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள், கடதாசிகளைக் கொண்டுவா என்பார்கள். அவரும் சும்மா இருக்க வேண்டியதில்லை. அவர்கள் அனுப்புகிற சட்டத்தில் கையெழுத்து வைக்காமல் திருப்பி அனுப்பலாம். தடுக்கிற பலம் இரண்டு பக்கமும் இருக்கும். செய்கிற பலம் ஒருவரிடமும் தனியாக இருக்காது. வாசிக்கும்போது இது சின்ன விசயம்தான். அதற்குள்ளே இருக்கிறவனுக்குச் சாப்பாடு இறங்காது.

என் கையிலும் அப்படி ஒன்று இருந்தது. அடுத்த பருவத்துக்கு மண்டபம் கேட்டு கொம்யூனுக்கு விண்ணப்பம் போக வேண்டும் என்றால் சபையின் தீர்மானம் வேண்டும், தலைவரின் சம்மதமும் வேண்டும். நான் சம்மதிக்காவிட்டால் விண்ணப்பம் இல்லை. வரிசையில் காத்திருக்கிற வேறொரு கழகத்துக்கு மண்டபம் போய்விடும். பிறகு வகுப்பும் இல்லை, பட்மின்டனும் இல்லை. வாரக்கணக்காக இதை இழுத்தேன். விண்ணப்பத்தின் கடைசி நாள் வந்தது. பின்னேரம் நாலு மணிக்கு முடிகிறது. இரண்டு மணிக்குக் கூடினோம்.

வகுப்பின் வரவு இடாப்பைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். கொண்டுபோனேன். செயலாளர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். தொடக்கத்தில் பக்கம் நிறையப் பெயர்கள், பிறகு ஒன்பது, ஏழு, ஐந்து. ஒரு பக்கத்தில் அவருடைய விரல் நின்றது. அவருடைய மகளின் பெயருக்கு நேரே என் கையெழுத்தில் 'வெளியே' என்று இருந்தது. அப்போது அந்தப் பிள்ளைக்கு ஆறு வயது.

"அண்ணை, அண்டைக்கு அவள் டெனிஷிலை என்ன கதைச்சவள் எண்டு தெரியுமோ?"

தெரியாது என்றேன்.

"டொய்லெட் எங்கை எண்டு கேட்டவள். அதைத் தமிழிலை எப்பிடிக் கேக்கிறது எண்டு அவளுக்குத் தெரியேல்லை."

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் உயர்த்தியிருப்பேன். மூத்தவர் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்புக்கு ஒரு மணித்தியாலமாவது விடுங்கள் என்று கேட்டேன். பிள்ளைகள் ஒன்றுமே படிக்காமல் போய்விடும் என்றும் சொன்னேன்.

"வகுப்பு வேண்டாம் எண்டு இல்லை, அண்ணை. உங்கடை வகுப்புத்தான் வேண்டாம்."

அவர்கள் தங்களுக்குள் கதைத்தார்கள். ஒரு மணித்தியாலம் தமிழுக்கு, மிச்சம் பட்மின்டனுக்கு. கொரிடோரில் நிறுத்துகிற வேலை இனி இல்லை. படிப்பிப்பதும் நான் இல்லை. கடைசியாகச் சொன்னதைத் தீர்மானத்திலேயே எழுதுவார்கள் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை. ஆறு பேரும் கை தூக்கினார்கள், மூத்தவரும்தான். நான் தூக்கவில்லை.

நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது செயலாளர் மடிக்கணினியில் எல்லாவற்றையும் நிரப்பி அனுப்பினார். என் கைத்தொலைபேசி அதிர்ந்தது, இங்கே கையெழுத்துக்குப் பதிலாக அதில்தான் தலைவரின் சம்மதத்தைக் கேட்கும். சம்மதம் என்றால் விரலால் இழுக்க வேண்டும். அதற்கு ஐந்து நிமிடம்தான் தரும். செக்கன்கள் குறைந்துகொண்டு வந்தன.

நான் ஒன்றும் செய்யத் தேவையில்லை. சும்மா பார்த்துக்கொண்டு இருந்தாலே போதும், எல்லாம் விழுந்துவிடும். திங்கட்கிழமை தொழிற்சாலையில், நான் ஒருவருக்கும் வளைந்து கொடுக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அதை நான் யோசிக்கவில்லை என்று உங்களுக்கு எழுதினால் அது பொய். யோசித்தேன். அப்படிச் செய்ய ஆசையாகவும் இருந்தது.

"நேரம் போகுது, தம்பி" என்றார் மூத்தவர். செயலாளர் என்னைப் பார்க்கவில்லை. இடாப்பை மூடி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

தமிழைப் பற்றியோ தலைவர் பதவியைப் பற்றியோ அந்த நேரத்தில் எனக்கு எந்த நினைப்பும் வரவில்லை. ஆறு வயதுப் பிள்ளை ஒன்று பத்து நிமிடம் கால்களை இறுக்கிக்கொண்டு கொரிடோரில் நின்றிருக்கும். அதற்கு டொய்லெட் எங்கே என்று யார் காட்டியது? நான் காட்டவில்லை. அது மட்டும் நிச்சயம்.

ஒன்றரை நிமிடம் இருக்கும்போது விரலால் இழுத்தேன்.

"வந்திட்டுது" என்றார் செயலாளர். யாரும் கை தட்டவில்லை. நன்றி என்றும் ஒருவரும் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. நிகழ்ச்சி நிரலில் இன்னும் இரண்டு விடயங்கள் மிச்சம் இருந்தன. அடுத்த பொதுக்கூட்டம் வரைக்கும் அவற்றை வாசிப்பது என்னுடைய வேலை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அடுத்ததை வாசித்தேன்.