சாமி படத்துக்குள் போன கடைசிப் பக்கம்

பிடித்த புத்தகம் எது என்று என்னிடம் கேட்காதீர்கள். கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். போன மாதம்கூட ஒரு கல்லூரி விழாவில் மைக்கைக் கையில் கொடுத்துவிட்டு இதையே கேட்டார்கள். வாசிப்பு மனதைப் பண்படுத்தும், அறிவை வளர்க்கும் என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாரும் அடுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். நானும் ஏதோ ஒப்பேற்றிவிட்டு வந்தேன். அன்றைக்குப் பேசியிருக்க வேண்டியது இதுதான்.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் திருநகரில் குடியிருந்தோம். எங்கள் வரிசையில் ஐந்து வீடுகளுக்குச் சேர்த்து ஒரே ஒரு வாரப் பத்திரிகை. வீட்டுக்கு ஒரு நாள் என்று கைமாறி, கடைசியாக எங்களிடம் வந்து சேரும். கடைசி வீடு என்பதால் அது எங்களுக்கே சொந்தம். அதில் வரும் தொடர்கதையை வாராவாரம் கிழித்தெடுத்துச் சேர்ப்பது என் அக்காவின் வேலை. கதை முடிந்ததும் மொத்தமாக பைண்டிங் செய்தால் அதுதான் புத்தகம். கடைக்குப் போய் விலை கொடுத்துக் கதைப் புத்தகம் வாங்கலாம் என்பது எங்கள் தெருவில் யாருக்கும் தோன்றியதே இல்லை. எங்கள் புத்தகங்களில் அத்தியாயம் முடிகிற இடத்தில் பல்பொடி விளம்பரமும், பின்பக்கத்தில் பாதி ராசிபலனும் இருக்கும்.

அப்போது ஓடிக்கொண்டிருந்த கதையில் ஒரு பெண், கட்டிக்கொடுத்த வீட்டை விட்டு ஒரு துணிப்பையோடு வெளியேறிவிடுவாள். தெரியாத ஊரில் ஒரு மாடி அறையில் தங்கி, தையல் வேலை பார்ப்பாள். அவள் திரும்பிப் போவாளா மாட்டாளா என்பதுதான் ஒரு வருஷத்துக்கும் மேலாக எங்கள் தெருக்குழாயடியில் பேச்சு. "பொம்பளைக்கு இம்புட்டு வீம்பு ஆகாது" என்று ஒருத்தி சொல்வாள். "நீ போய் அவன்கூட இருந்து பாரு, தெரியும்" என்று இன்னொருத்தி குடத்தை நங்கென்று வைப்பாள். அக்கா வாயே திறக்க மாட்டாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அந்த வாரத்துப் பக்கங்களைத் திரும்ப ஒருமுறை படிப்பாள்.

தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளைக்கு அவனியாபுரத்தில் லேத் பட்டறை. புறப்படும்போது என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். தங்கச்சி மேல் என்ன பாசம் என்று சுற்றி நின்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவள் என் காதில் சொன்னது இது: "ஒரு வாரம்கூட விட்றாதடி. ஆடிக்கு வாரப்ப பைண்டு பண்ணி வையி. அந்த வீட்ல பத்திரிகையே வாங்க மாட்டாகளாம்."

நானும் விடவில்லை. காய்ச்சலில் கிடந்த வாரம்கூட எழுந்து போய்க் கிழித்துவைத்தேன். பங்குனி உத்திரச் சிறப்பிதழில் கதை முடிந்தது. அன்றைக்கு டைப்ரைட்டிங் வகுப்பு முடிந்து ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தால், அப்பா கையில் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருக்கிறார். கடைசிப் பக்கத்தின் பின்னால் வழவழப்பான தாளில் முருகன் படம் கலரில் வந்திருந்தது. ஓரம் பிசகாமல் வெட்டி எடுத்துவிட்டார்.

"பாரு, என்ன களை! நேர்ல நிக்கிற மாதிரியே இருக்குல்ல?"

"அப்பா, அதுல கதை முடியுது."

"கதை கெடக்கு கழுதை."

மறுநாளே படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் போய் சுவரில் ஏறிவிட்டது. சந்தனம், குங்குமம், சரம் எல்லாம் ஆயிற்று. என் அக்கா ஒரு வருஷம் காத்திருந்த முடிவு எங்கள் வீட்டுக்குள்ளேயே, நான் எட்டித் தொடுகிற உயரத்தில், சாமிக்குப் பின்னால் இருந்தது. தினமும் காலையில் அதைக் கும்பிடச் சொன்னார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்பா கத்தரிக்கோலை எடுத்த அன்றைக்கு மத்தியானமே அம்மா பத்திரிகையைப் படித்திருந்தாள். முடிவு என்ன என்று கேட்டேன். "என்னமோ முடிச்சிருந்தாக. அடுப்புல பால் இருந்துச்சு, சரியாப் பாக்கல" என்றாள். நம்பினேன். பதினேழு வயதில் அவ்வளவு முட்டாளாக இருந்திருக்கிறேன்.

மற்ற வீடுகளில் போய்க் கேட்டேன். முதல் வீட்டு அத்தை, "புருஷன் தேடி வந்தான்ல, அவ காபி போட்டுக் குடுத்தா. சேந்துட்டாக" என்றாள். மூன்றாம் வீட்டு மதினி, "காபியக் குடுத்து அனுப்பிவிட்டுட்டாடி" என்றாள். ஒரே காபி, இரண்டு முடிவு. அவரவர் வீட்டில் என்ன நடந்ததோ அதையே கதையிலும் படித்துவைத்திருந்தார்கள். எனக்கு வேண்டியது அவர்களுடைய முடிவு இல்லை, அச்சடித்த முடிவு. நூலகத்துக்குப் போனேன். அந்த இதழ் இருந்தது, அந்தப் பக்கம் மட்டும் இல்லை. டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் பழைய புத்தகக் கடைகளில் தேடியதில் மூன்று பிரதிகள் கிடைத்தன. மூன்றிலும் ஜன்னல் மாதிரி சதுர ஓட்டை. மதுரையே முருகனை வெட்டி எடுத்துக்கொண்டு கதையைக் குப்பையில் போட்டிருந்தது. நடைபாதையில் நின்று அழுதேன், ஆத்திரத்தில்.

கடைசிப் பக்கம் இல்லாமலே பைண்டிங் செய்து வைத்தேன்.

ஆடிக்கு அக்கா வந்தாள். இடது காதில் தோடு இல்லை. மடல் கிழிந்து இரண்டு தையல் போட்டிருந்தது. போர்வை நூலில் தோடு மாட்டி இழுத்துவிட்டது என்றாள். அம்மா அந்தக் காதைப் பார்த்தாள், பிறகு அடுக்களைக்குப் போய்ப் பணியாரத்துக்கு மாவு கரைத்தாள். அப்பா மாப்பிள்ளையின் பட்டறையில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று விசாரித்தார். ஒருவர்கூட அந்தக் காதைப் பற்றி இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

அக்கா நாலு நாளில் புத்தகத்தைப் படித்து முடித்தாள். சோறு ஆறிக் கிடக்கும், அவள் பக்கம் திருப்பிக்கொண்டிருப்பாள். கடைசியில் கதவு தட்டும் சத்தம் கேட்டு அந்தப் பெண் எழுந்திருப்பதோடு தாள் தீர்ந்துவிட்டது.

"மிச்சம் எங்கடி?"

சுவரைக் காட்டினேன். படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நீ படிச்சிருப்பேல்ல? அவ திரும்பிப் போனாளா?"

"யோசிச்சுச் சொல்றேன்க்கா" என்று உளறிவிட்டு வெளியே ஓடினேன். கிணற்றடியில் அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"அவ திரும்பிப் போயிட்டான்னு சொல்லு."

"அப்படியா முடிஞ்சுச்சு?"

"சொல்லுன்னா சொல்லு. உனக்குப் பின்னால ஒரு தம்பி இருக்கான். நாளைக்கு உன்னைய யாரு கட்டுவா?"

அப்போது புரிந்தது, அம்மா பாலையும் பார்த்திருக்கிறாள், கதையையும் முழுசாகப் படித்திருக்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கிணற்றையே தூர்த்திருக்க வேண்டும். ஆனால் நான் செய்தது என்ன? உள்ளே போனேன். அக்காவின் முகத்தைப் பார்க்காமல், "போயிட்டாக்கா. புருஷன் வந்தாரு, காபி போட்டுக் குடுத்தா, சேந்து போயிட்டாக" என்றேன்.

"அப்படியா" என்றாள். புத்தகத்தை மூடி என்னிடமே கொடுத்தாள்.

ஆடி முடிந்ததும் மாப்பிள்ளை வந்தார். அக்கா கிளம்பினாள். இந்தமுறை யாரையும் கட்டிக்கொண்டு அழவில்லை.

அவள் போன மறுநாள் வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் படத்தைக் கழற்றினேன். பின்பலகையைப் பெயர்த்தால், படத்தை அட்டையோடு சேர்த்து மைதா பசையால் ஒட்டிவைத்திருந்தான் சட்டம் போட்ட கடைக்காரன். அண்டாத் தண்ணீரில் ஊறப்போட்டு, மெதுவாக உரித்தேன். மயில் கிழிந்தது, வேல் கிழிந்தது. எழுத்து தப்பியது. அந்தப் பெண் புருஷனுக்குக் காபி கொடுக்கிறாள். அவன் குடித்து முடிக்கும் வரை நிற்கிறாள். "பார்த்துப் போங்க" என்கிறாள். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கதவைத் தாழிட்டு, தையல் மிஷினில் உட்கார்கிறாள். அவ்வளவுதான் முடிவு.

சாயங்காலம் அப்பா என்னை அறைந்தார். சாமி படத்தைக் கிழித்தவள் விளங்கமாட்டாள் என்றார். பெற்ற மகளின் காது கிழிந்தபோது வராத ஆவேசம், அச்சடித்த தாள் கிழிந்ததற்கு வந்தது. இன்றுவரை அதை நான் மன்னிக்கவில்லை.

அந்தப் பக்கத்தை உலர்த்தி, இரண்டு பஸ் மாறி அவனியாபுரம் போனேன். பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. லேத் சத்தத்தில் உரக்கப் பேச வேண்டியிருந்தது. "அக்கா, நான் பொய் சொல்லிட்டேன். அவ போகல. நீயே படிச்சுப் பாரு" என்று நீட்டினேன்.

அவள் நின்றபடியே முழுவதும் படித்தாள். முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"தெரியும்டி. நீ சொல்றப்பவே தெரியும். ஒரு வருஷமா அவளப் படிச்சிருக்கேன், அவ போகமாட்டான்னு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் எதுக்குக்கா கேட்ட?"

"கதையில அவ என்ன செஞ்சான்னா கேட்டேன்? நான் போகலன்னா நம்ம வீட்ல எடம் இருக்கான்னு கேட்டேன். நீதான் பதில் சொல்லிட்டியே."

லேத் சத்தம் சட்டென்று நின்றது. அவள் அந்தத் தாளை மடித்து அவசரமாக என் கையில் திணித்தாள். "இத எடுத்துட்டுப் போயிரு. அவரு சாப்பிட வார நேரம்."

அக்காவை அங்கேயே விட்டுவிட்டு, பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நானும் பஸ் ஏறிவிட்டேன்.