குதிரைக்குத் தைத்த முகத்திரை

திகனயில் எங்களுக்குப் புடவைக்கடை. மோட்டார் பஸ் வந்த பிறகும் கண்டியிலிருந்து எங்கள் துணி மூட்டைகளை இழுத்துவருவது குதிரைதான். வண்டி ஓடாத நாட்களில் அதை, கங்கை என்று நாங்கள் சொல்லும் ஊர் ஆற்றின் கரைப் புல்லில் மேயவிடுவோம்.

வெயில் காலத்தில் அதன் கண்களை ஈக்கள் மொய்த்துவிடும். பார்க்கப் பொறுக்காமல், கடையில் மிஞ்சிய மல்துணியில் ஒரு முகத்திரை தைத்தேன். மணப்பெண் முக்காடு தைத்துப் பழகிய கை, அதை மூக்குக்கும் கீழே தொங்கவிட்டுவிட்டது.

"குதிரைக்குக் கல்யாணமா, புள்ள?" என்று கணவர் சிரித்தார்.

"கண்ணு பழுதாப் போனா வண்டிய நீங்களா இழுக்கப் போறீங்க?" என்றேன்.

குதிரை குனியும்போதெல்லாம் வெள்ளைத் திரை முன்னே சரிந்து புல்லை வருடியது. வெயிலில் கங்கைகூட மெதுவாக ஓடுவதுபோல் இருந்தது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் கண் சொருகிவிட்டது.

தண்ணீர் அலம்பும் சத்தத்தில் விழித்தேன். தண்ணீர் குடித்துவிட்டுத் தலை தூக்கிய குதிரையின் மூக்கில் நனைந்த திரை அப்பியிருந்தது. மூச்சு இழுக்க இழுக்கத் துணி உள்ளே போனது. பாதை தெரியாமல் அது ஆழத்துக்குள் பின்வாங்கிக்கொண்டிருந்தது. இடுப்பளவு நீரில் இறங்கித் திரையை நெற்றிக்கு மேல் வாரித் தள்ளினேன். அது விட்ட மூச்சு என் முகத்தில் சூடாக அடித்தது.

இப்போது நான் தைக்கும் திரை கண்களுக்குச் சற்றுக் கீழே முடிந்துவிடும். அப்படியும் மனம் கேட்பதில்லை. கட்டுவதற்கு முன் அதைக் கங்கையில் நனைத்து, என் முகத்தில் போர்த்தி, ஒரு மூச்சு இழுத்துப் பார்க்கிறேன்.