எல்லாம் துபாய்தானாம்!

போன கிழமை முத்திரை வாங்கக் கல்முனைத் தபால் கந்தோருக்குப் போனேன். எங்கள் தெரு ஜெஸீமா ஒரு மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தாள். கையில் ஏழு கடிதங்கள். ஏழும் அவள் புருஷன் றஹீமுக்கு எழுதியவை. ஏழும் திரும்பி வந்துவிட்டன.

றஹீம் அபுதாபியில் மேசன். நாலு மாதமாக வீட்டிலிருந்து ஒரு வரியும் வராவிட்டால் மனுஷன் என்ன நினைப்பான்? ஊருக்கு வந்த ஒருவரிடம், பேசிப் பதிந்த கசட் ஒன்று கொடுத்தனுப்பியிருக்கிறான்.

"என்னை வேணாமென்டா செல்லிப்போடு... நானும் ஒரு முடிவெடுக்கிறன்."

மாமியும் மதினிமாரும் சுற்றியிருந்து கேட்ட கசட்!

உறைகளை வாங்கிப் பார்த்தேன். கம்பனிப் பெயர் சரி. தபால்பெட்டி இலக்கம் சரி. ஊர்? துபாய்!

"இங்கிலீஷ்ல விலாசம் ஆரு எழுதின தங்கச்சி?"

"புவியியல் மாஸ்டர்தான் காக்கா. நான் அபுதாபி என்டுதான் செல்லிக் குடுத்தன். அவருதான் துபாய் என்டு எழுதினாரு."

மாஸ்டர் பட்டதாரி. சும்மா விடலாமா? அவளையும் கூட்டிக்கொண்டு நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

"துபாய்தானே நாடு? அபுதாபி அதுக்குள்ள இரிக்கிற ஊர்" என்றார், சாய்வுக் கதிரையை விட்டு எழும்பாமலே.

நாட்டின் பெயர் ஐக்கிய அரபு எமிரேட்ஸ் ஐயா! ஏழு சிற்றரசுகள் சேர்ந்தது. துபாய் ஒன்று, அபுதாபி இன்னொன்று. தலைநகரமே அபுதாபிதான். நம்மவருக்கோ அரேபியா ஒரு நாடு, வளைகுடா ஒரு நாடு, துபாய் எல்லா நாடும்! அரேபியா தீபகற்பம். வளைகுடா கடல். கடலுக்கு எவனாவது விசா எடுப்பானா?

ஊர்ச்சனம் மாறிச் சொன்னால் மன்னிக்கலாம். வரைபடம் தொங்கவிட்டுப் படிப்பிக்கிறவர்?

ஜெஸீமா, "நான் சரியாத்தானே செல்லினன் சேர்?" என்றாள்.

"அஞ்சாம் வகுப்புப் படிச்ச நீ செல்றத நான் எப்பிடி நம்புற?"

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. அவள் வெளியே இறங்கிவிட்டாள்.

அன்றே அபுதாபிக்குத் தந்தி அடித்தோம். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னோம். முந்தாநாள் றஹீமின் பதில் வந்தது — மன்னிப்புக் கேட்டு! வாசித்துக் காட்டியதும் ஜெஸீமா அதைப் பிடுங்கிக்கொண்டு, மாமிக்குக் காட்ட ஓடினாள்.

அந்த ஏழு கடிதங்களும் இப்போது ஒரே உறையில் போயிருக்கின்றன. விலாசம் அவளே எழுதியது. ஒவ்வொரு இங்கிலீஷ் எழுத்தாகப் பார்த்துப் பார்த்து...

மாஸ்டரா? "அங்கத்தத் தபால்காரனுக்குப் புவியியல் தெரியா" என்று சந்தியில் கதைத்துக்கொண்டு திரிகிறாராம்!