மூடி ஆடுகிற தூக்கு

திருப்பதியை ஒட்டிய திருச்சானூரில் ஒரு லாட்ஜின் இரண்டாவது மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. அமெரிக்காவில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஒருவர் அதைத் தொடங்கியிருந்தார். பாத்திரம், மிக்ஸி, பிளாஸ்டிக் சாமான் செய்கிறவர்கள் அனுப்பும் பட்டியல்களை வாங்கி ஒரு மென்பொருளில் ஏற்றுவது எங்கள் வேலை. பெயர், எடை, கொள்ளளவு, படம், விவரம் என்று ஒரு பொருளைப் பற்றிய சகலமும் அதில் இருக்கும். அங்கிருந்து கடைக்காரர்களின் இணையதளங்களுக்குப் போகும். பிச்சாட்டூர்ப் பக்கம் கூலி வேலைக்குப் போகிற வீட்டில் பிறந்து, வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளர்ந்த எனக்கு அதுதான் முதல் வேலை. உடன் படித்தவர்கள் பெங்களூருக்கு பஸ் ஏறினார்கள். நான் திருச்சானூருக்கு ஷேர் ஆட்டோ ஏறினேன்.

எல்லோரும் எக்ஸெல் தாளில்தான் பட்டியல் அனுப்புவார்கள். ஆனால் ஒருவர் எடை என்று தலைப்பிட்ட இடத்தில் இன்னொருவர் நிறத்தைப் போட்டிருப்பார். எந்தத் தலைப்பு எங்கள் மென்பொருளின் எந்தக் கட்டத்துக்குப் போக வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பொருத்த வேண்டும். ஒருமுறை நான் தவறாகப் பொருத்தி, ஒரு குக்கரின் எடை 'சிவப்பு' என்று பதிவானது.

இவர்களில் பலமனேர் எவர்சில்வர்க்காரர் தனி ரகம். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். நான் போனில் மட்டுமே கேட்டறிந்த மனிதர். அவர் தாளில் பொருள்களின் பெயர் இப்படி இருக்கும்: சின்னது, பெருசு, பெருசுக்கும் பெருசு, போன தடவை மாதிரி. விவரம் என்ற கட்டம் முழுக்கக் காலி. அது காலியாக இருந்தால் மென்பொருள் அந்த வரிசையையே சிவப்பாக்கித் திருப்பி அனுப்பிவிடும்.

போன் செய்து, ஒவ்வொரு பொருளுக்கும் சரியான பெயரும் நாலு வரி விவரமும் வேண்டும் என்றேன்.

"விவரம் இன்னாத்துக்குமா? பாத்திரத்த பாத்தா தெரியாதா?" என்றார்.

நேரில் பார்க்க முடியாதவர்கள் வாங்கப்போகிறார்கள் என்றேன். அவர் பேச ஆரம்பித்தார். பேசினார், பேசினார். சம்புடத்தின் மூடி எவ்வளவு இறுக்கம் என்றால், மருமகள் உள்ளே வைத்த முறுக்கை மாமியார் திறப்பதற்குள் மருமகள் கடைத்தெருவுக்கே போய் வந்துவிடலாம். பெரிய அண்டாவில் கல்யாணச் சோறும் வடிக்கலாம், பிள்ளைகளை உட்கார வைத்துக் குளிக்கவும் வைக்கலாம். தூக்கின் மூடி கொஞ்சம் ஆடும், ஆனால் அந்தச் சத்தத்திலேயே சோறு வந்துவிட்டது என்று கழனியில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும்.

எனக்குக் குறும்பு தொற்றிக்கொண்டது. அவர் சொன்னதை வார்த்தை மாறாமல் தெலுங்கில் தட்டினேன். சோதனைக்கென்று தனி இடம் உண்டு, அதில் ஏற்றி, பக்கத்து இருக்கைத் தோழிக்குக் காட்டிச் சிரித்துவிட்டு அழித்துவிடுவதாகத் திட்டம். ஏற்றும் பொத்தானுக்கு மேலே சோதனையா, நேரடியா என்று ஒரு சின்னத் தேர்வு இருக்கும். அன்று அது நேரடியில் நின்றிருந்தது. நான் கவனிக்கவில்லை. தோழி விடுப்பில் இருந்ததால் சிரிப்பும் தள்ளிப்போனது. பிறகு மறந்தே போனேன்.

அடுத்த வாரம் முதலாளி அச்செடுத்த தாள் ஒன்றோடு வந்து என் மேசைக்கு முன் நின்றார். சித்தூரில் ஒரு கேண்டீன்காரர், மாமியாரால் திறக்க முடியாத சம்புடம் ஆறு வேண்டும் என்று கடைக்கு போன் செய்திருக்கிறார். அது எது என்று தெரியாமல் கடைக்காரர் முதலாளியைக் கேட்டிருக்கிறார். முதலாளி எல்லா விவரத்தையும் எல்லோருக்கும் கேட்கும்படி, முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறாமல், வாசித்தார். அண்டாவில் பிள்ளைகள் குளிக்கிற வரி வந்ததும் தோழி மேசைக்கு அடியில் பேனா தேடப் போய்விட்டாள்.

உடனே அழிக்கச் சொன்னார். அழித்தேன். மென்பொருள் சிவப்பானது. ஒரு புள்ளி வைத்தேன், ஏற்றுக்கொண்டது. முதலாளி ஏற்றுக்கொள்ளவில்லை. பொருளைச் செய்தவரிடமே எழுத்தில் விவரம் வாங்கு, அதுவரை நீ எழுதினதே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் எவர்சில்வர்க்காரர் நேரிலேயே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, கையில் துணிப்பை. தன் சரக்கைக் கேலிப்பொருள் ஆக்கிவிட்டதாகச் சண்டை போடத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, அவர் வாயைத் திறக்குமுன் மன்னிப்புக் கேட்டேன்.

"மத்ததெல்லாம் நான் சொன்னதுதானே. தூக்கு மூடி ஆடுதுன்னு எழுதிக்கினு கீற. அது பழைய மூடி," என்றார்.

பையிலிருந்து ஒரு தூக்கை எடுத்து என் காதருகே ஆட்டினார். சத்தமே இல்லை. பிறகு முதலாளி அறைக்குள் போய் அவர் காதருகேயும் ஆட்டினார். இணையதளத்தில் படித்த யாரோ போனில் கேலி செய்ததால் மூடி அடிக்கும் அச்சையே மாற்றிவிட்டாராம். முதலாளி அன்றுதான் அலுவலகத்தில் முதல்முறையாகச் சிரித்தார்.

தண்டனை அதற்குப் பிறகுதான் வந்தது. எல்லோருடைய பொருள்களுக்கும் இனி நீயே விவரம் எழுது, அதே மாதிரி வேடிக்கையாக இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். திருட்டுத்தனமாகச் செய்தபோது தானாக வந்தது, சம்பளத்துக்கு எழுத உட்கார்ந்ததும் வரவில்லை. பிளாஸ்டிக் பக்கெட்டைப் பற்றி அரை நாள் யோசித்தேன். கடைசியில் 'உறுதியானது, நீடித்து உழைப்பது' என்று எழுதினேன். அடுத்த பக்கெட்டுக்கும் அதையே ஒட்டினேன்.